பரீட்சைக்கு நல்ல நேரம் எது?

பரீட்சைக் காலம் வந்துவிட்டால் நமது நாட்டில் இரண்டு விதமான சட்டங்கள் அமுலுக்கு வந்துவிடுகின்றன. ஒன்று, சர்வகலாசாலையார் எழுத்தில் அச்சிட்டு, விடைத்தாளின் மேலட்டையிலும் காலேஜ் அறிவிப்புப் பலகையிலும் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருக்கும் சட்டம். மற்றொன்று, எங்கும் யாராலும் எழுதி ஒட்டப்படாமல், பாட்டிமார் வாயிலும், பஞ்சாங்கத்தின் மூலையிலும், சோதிடன் நாக்கிலும் இருந்துவரும் சட்டம். முதல் சட்டத்தைப் பொறுமையாய் ஒரு தடவை படித்துப் பார்க்கிற மாணாக்கர்கள் மிகச் சிலர். இரண்டாவது சட்டத்தை மீறத் துணிகிற மாணாக்கர்களும் மிகச் சிலர். இப்படித் தலைகீழாய் நடந்துகொள்ளுவதால் விளைகின்ற கேடு எத்தகையது என்பதற்கு, நாம் நேரில் அறிந்த ஒரு சங்கதியை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்திற்கு வருகிறோம்.

நமக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் ஒரு விதவைத் தாய். களையெடுத்தும், சித்தாள் வேலை செய்தும், ஒரே மகனைக் காலேஜில் படிக்க வைத்தார். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தவன் அவன் ஒருவன்தான். கடைசி வருஷம், கடைசிப் பரீட்சை. காலை 10 மணிக்குப் பரீட்சை. பட்டணத்திற்குப் போக ஒன்றரை மணி நேரம். 8 மணிக்கு பஸ். அன்று விடியற்காலையில் சோறு வடித்து வைத்துவிட்டு அந்தத் தாய் தானாகவே கொல்லைப்புறம் போய் ஒளிந்துகொண்டார். எதற்காக? பரீட்சைக்குப் புறப்படுகிற மகன் “தாலியறுத்தவள்” முகத்தில் விழித்துவிடக் கூடாதாம்! அதற்குப் பதிலாக அடுத்த வீட்டுச் சுமங்கலி ஒருத்தி நிறைகுடத்தோடு எதிரே வருவதாக ஏற்பாடு. அந்த அம்மாளுக்கு அன்று குழாயில் தண்ணீர் வரக் காலதாமதமாயிற்று. குடம் நிறைந்து சகுனம் வருவதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் 9 மணிக்கு. பையன் பரீட்சை மண்டபத்தின் வாசலுக்குப் போய்ச் சேரும்போது 10 மணி 35 நிமிஷம். அரைமணிக்குமேல் தாமதமானவர்களை உள்ளே விடுவதில்லை என்பது விதி. அழுது பார்த்தான், ஆகவில்லை. அந்த ஒரு பேப்பருக்காக ஆறு மாதம் காத்திருந்தான். பட்டத்தை நம்பிக் கிடைக்கவிருந்த வேலையும் போயிற்று.

இதில் பெரிய கொடுமை இன்னும் ஒன்று உண்டு. ஊரார் என்ன சொன்னார்கள் தெரியுமா? “புறப்படும்போது எப்படியோ தாய் முகத்தைப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது” என்றார்கள். அந்தத் தாயும் அதை நம்பி, “பாவி நான் கொல்லைக்குப் போகும்போது பார்த்துவிட்டானோ என்னவோ” என்று இன்னமும் அழுதுகொண்டிருக்கிறார். மண் சுமந்து பணம் கட்டினவள் அபசகுனம். தண்ணீர்க்குடம் தூக்கிவந்தவள் நல்ல சகுனம்! பையனைக் கெடுத்தது சகுனம் பார்த்ததேயொழிய தாய் முகமல்ல என்பதைச் சொல்ல அந்த ஊரில் ஒருவரும் இல்லை. ஆதலால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

இனி, நல்ல நேரம் பார்க்கிறவர்களின் கணக்கையே கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். பஞ்சாங்கத்திலுள்ள கணக்கைத்தான் சொல்லுகிறோம். நம் சொந்தக் கணக்கு ஒன்றுமில்லை. நமது நாட்டில் பல சர்வகலாசாலைகளில் பரீட்சை காலையில் 10 முதல் 1 வரையிலும், பிற்பகலில் 2 முதல் 5 வரையிலும் நடக்கிறது. திங்கட்கிழமை எமகண்டம் 10½ முதல் 12 வரை. செவ்வாய்க்கிழமை எமகண்டம் 9 முதல் 10½ வரை. புதன்கிழமை ராகுகாலம் 12 முதல் 1½ வரை. வெள்ளிக்கிழமை ராகுகாலம் 10½ முதல் 12 வரை. சனிக்கிழமை ராகுகாலம் 9 முதல் 10½ வரை. ஆகவே காலைப் பரீட்சைக்கு இந்த இரண்டும் தொடாத நாள் வாரத்தில் வியாழன் ஒன்றுதான். பிற்பகலைப் பார்த்தாலோ, செவ்வாய்க்கு ராகுகாலம் 3 முதல் 4½. வியாழனுக்கு 1½ முதல் 3. வெள்ளிக்கு எமகண்டம் 3 முதல் 4½. சனிக்கு 1½ முதல் 3. தப்பித்தவை திங்களும் புதனும் மாத்திரமே. ஆக, வாரத்தின் ஆறு நாளில் 12 வேளைப் பரீட்சைகளில் 9 வேளை ராகுவின் வாயிலாவது எமனின் வாயிலாவது அகப்பட்டுத்தான் தீரவேண்டும். அப்படியிருந்தும் வருஷந்தோறும் லக்ஷக்கணக்கான பேர் தேறிக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

அதுமாத்திரமல்ல. ஒரு மண்டபத்தில் முப்பது பேர் உட்கார்ந்து ஒரே கேள்வித்தாளை ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள். முதல் வகுப்பில் தேறினவனும் அதே ராகுகாலத்தில்தான் எழுதினான். தவறிப்போனவனும் அதே ராகுகாலத்தில்தான் எழுதினான். ராகு மேஜை மேஜையாய்ப் பார்த்து ஆளைப் பொறுக்குகிறாரா என்று கேட்கின்றோம். உண்மையில் ராகு என்பதாக வானத்தில் ஒரு கிரகமே கிடையாது. சந்திரன் போகும் பாதை, சூரியன் போவதாக நமக்குத் தோன்றுகிற பாதையை வெட்டுகின்ற ஒரு புள்ளிக்குத்தான் அப்பெயர். அந்தப் புள்ளிக்கும் வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. இல்லாத கிரகத்திற்குப் பயந்து இருக்கிற பஸ்ஸை விடுவது என்ன புத்திசாலித்தனம்?

மற்றொரு கூட்டம் கோவிலுக்கு ஓடுகிறது. திருவாரூர்ப் பக்கம் கூத்தனூர் சரஸ்வதி கோவிலிலும், செங்கற்பட்டுக்குச் சமீபமான செட்டிபுண்ணியம் ஹயக்ரீவர் சன்னதியிலும் பரீட்சைக் காலங்களில் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் வைத்துப் பூஜை செய்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். பூஜை செய்த பேனா படிக்காத விடையை எழுதுமானால் காலேஜும் வேண்டாம், வாத்தியாரும் வேண்டாம். ஒரு பேனாக்கடையும் ஒரு பூசாரியும் போதுமே! கணித மேதை இராமாநுஜன் சங்கதியை எடுத்துக்கொள்ளுங்கள். நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொல்லிக்கொடுத்ததாக அவரே நம்பியிருந்தார். அவர் எப்.ஏ. பரீட்சையில் ஒரு தடவையல்ல, மறு தடவையும் தேறவில்லை. காரணம் என்ன? கணக்கு ஒன்றையே கட்டிக்கொண்டு மற்றப் பாடங்களைப் படிக்கவில்லை. கணக்குச் சொன்னதாக நம்பப்பட்ட தாயார், உடற்கூறு பாடத்தில் நாலு மார்க்கு வாங்கிக் கொடுக்கவில்லை. பின்னால் 1918-ம் வருஷத்தில் அவர் லண்டன் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானது அவர் போட்ட கணக்கினாலேயேயன்றி வேறெதனாலுமல்ல. படித்த பாடத்திற்கு மார்க்கு உண்டு, படிக்காத பாடத்திற்கு இல்லை என்பதற்கும், பரீட்சையில் தவறுவதோடு ஒருவனுடைய வாழ்வு முடிந்துபோவதில்லை என்பதற்கும் இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

நிற்க, சகுனம் பார்க்காதே, கோவிலுக்கு ஓடாதே என்று சொல்லிவிட்டு மாத்திரம் நாம் சும்மா இருந்துவிட முடியாது. பாட்டன் காலத்திலிருந்து படித்த குடும்பத்துப் பிள்ளைக்குப் பரீட்சை மண்டபத்து நடைமுறைகளை வீட்டிலேயே அண்ணனோ, மாமனோ சொல்லிவிடுகிறார்கள். வயற்காட்டிலிருந்தும் தறிக்குழியிலிருந்தும் முதன்முதலாய்க் காலேஜுக்குப் போகிற பிள்ளைக்குச் சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவர்கள் அறிவில் குறைந்தவர்களல்ல. விதி தெரியாமையால்தான் அகப்பட்டுக்கொள்ளுகிறார்கள். ஆகையால் அவர்களுக்காகச் சில விஷயங்களை இங்கு விளக்கமாய்ச் சொல்லுகிறோம்.

முதலாவது, முந்தின நாள் செய்ய வேண்டியது. பரீட்சை காலையிலா பிற்பகலிலா என்பதைக் கால அட்டவணையில் நீங்களே மறுபடியும் பாருங்கள். கூட்டாளி சொன்னான் என்று நம்பிப் பரீட்சையைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. ஹால் டிக்கெட், காலேஜ் அடையாள அட்டை, ஒரே நிறத்தில் இரண்டு மூன்று பேனாக்கள், பென்சில், அடிக்கோல், அனுமதிக்கப்பட்ட வகைக் கால்குலேட்டர் இவைகளை ஒரு பையில் போட்டுப் பையை வாசற்பக்கம் வையுங்கள். பூஜையறையில் வைக்காதீர்கள். பெண்பிள்ளையாயிருந்து அன்று “தீட்டு” என்று சொல்லிவிட்டால், தன்னுடைய ஹால் டிக்கெட்டை எடுக்கவே இன்னொருவர் தயவுக்குக் காத்துக்கிடக்க நேரிடும். பிறகு தூங்குங்கள். இரவெல்லாம் டீயைக் குடித்துக் கண்விழித்துப் படிப்பது வீரமல்ல. படித்ததை மூளை நிலைநிறுத்திக்கொள்ளுவது தூக்கத்தில்தான் என்பது வைத்திய சாஸ்திரம் கண்ட உண்மை.

இரண்டாவது, போய்ச் சேரும் காலம். பெரும்பாலான இடங்களில் பரீட்சை ஆரம்பித்து அரைமணிக்குமேல் உள்ளே விடுவதில்லை. உங்கள் காலேஜில் அது எத்தனை நிமிஷம் என்று முன்னதாகவே விசாரித்து வையுங்கள். கடைசியில் வந்து சேரும் பஸ்ஸை நம்பாமல் அதற்கு முந்தின பஸ்ஸில் புறப்படுங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டாம். இரண்டு இட்லியும் தண்ணீரும் போதும். பரீட்சை நாளில் விரதம் இருப்பது மூளையைப் பட்டினி போடுவதாகும். உட்காரும் அறையும் இடமும் தினம் மாறக்கூடுமாகையால் பலகையில் அன்றன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உள்ளே போவதற்கு முன் உங்களை நீங்களே சோதனை போட்டுக்கொள்ளுங்கள். செல்போனை அணைத்து வைத்திருந்தேன் என்ற சமாதானம் செல்லாது, வைத்திருப்பதே குற்றம். கைக்கடிகாரம் போலிருக்கிற செல்போன் கடிகாரமும் அப்படியே. சட்டைப்பையில் மறந்துபோன துண்டுக் காகிதம், கால்குலேட்டர் மூடியில் என்றோ எழுதின சூத்திரம், ஹால் டிக்கெட்டின் பின்புறத்தில் கிறுக்கினது இவைகளெல்லாம் நீங்கள் காப்பியடிக்காவிட்டாலும் உங்களைக் காப்பியடித்தவர்களாக ஆக்கிவிடும். உட்கார்ந்தவுடன் மேஜையைப் பாருங்கள். அதில் முன்பு உட்கார்ந்தவன் ஏதாவது எழுதி வைத்திருந்தால் எழுத ஆரம்பிக்கும் முன்பே மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். பிறகு காட்டினால் நம்பமாட்டார்கள்.

நான்காவது, பதிவெண். அண்ணா சர்வகலாசாலையைச் சேர்ந்த காலேஜ்களில் அது 12 இலக்கம். மனப்பாடமாய்த் தெரிந்தாலும் ஹால் டிக்கெட்டைப் பார்த்து எழுதி, ஒரு தடவை ஒவ்வொரு இலக்கமாய் ஒத்துப் பாருங்கள். கேள்வித்தாள் கைக்கு வந்தவுடன் பாடத்தின் பெயரையும் குறியீட்டு எண்ணையும் பாருங்கள். தவறான தாள் வந்திருந்தால் கூச்சப்படாமல் உடனே எழுந்து நின்று சொல்லுங்கள். பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது என்று நினைக்க வேண்டாம். அது உங்கள் உரிமை, பிச்சையல்ல.

ஐந்தாவது, நேரத்தைப் பங்கிடுவது. பெரும்பாலும் 3 மணி நேரம், 100 மார்க்கு. அதாவது 180 நிமிஷம். இதில் கேள்விகளைப் படிக்கப் பத்து நிமிஷம், முடிவில் திருப்பிப் பார்க்கப் பத்து நிமிஷம் எடுத்துவிட்டால் பாக்கி 160. அண்ணா சர்வகலாசாலையின் 2017-ம் வருஷத்து விதிப்படி பல பாடங்களில் 2 மார்க்குக் கேள்விகள் பத்து, 13 மார்க்குக் கேள்விகள் ஐந்து, 15 மார்க்குக் கேள்வி ஒன்று. இரண்டு மார்க்குக்கு 3 நிமிஷமானால் 30, பதின்மூன்று மார்க்குக்கு 21 நிமிஷமானால் 105, பதினைந்து மார்க்குக்கு 25, ஆக 160. உங்கள் கேள்வித்தாள் வேறு மாதிரியானால் அதற்குத் தகுந்தபடி இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டு வையுங்கள். முதல் கேள்வி நன்றாய்த் தெரியும் என்று ஒன்றேகால் மணி நேரம் அதிலேயே உட்கார்ந்துவிட்டுக் கடைசி இரண்டு கேள்விகளைத் தொடாமல் வருகிறவர்கள்தான் அதிகம். பதின்மூன்று மார்க்குக் கேள்விக்கு இருபது பக்கம் எழுதினாலும் பதின்மூன்றுக்குமேல் போடமாட்டார்கள். தெரிந்ததை முதலில் எழுதுங்கள். ஆனால் கேள்வி எண்ணை மாற்றாமல் போடுங்கள். “இது அல்லது அது” என்று இருந்தால் ஒன்றை மாத்திரம் எழுதுங்கள். மணியடிக்கும் வரையில் எழுந்திருக்காதீர்கள். முன்னால் எழுந்து போகிறவனுக்குப் பரிசு ஒன்றும் இல்லை.

ஆறாவது விஷயம்தான் நாம் முக்கியமாய்ச் சொல்ல விரும்புவது. விடைத்தாளில் குறித்த இடத்தில் எண்ணைத் தவிர, உள்ளே உங்கள் பெயரையோ, எந்த அடையாளத்தையோ எழுதக் கூடாது என்பது விதி. பிள்ளையார் சுழி, ஓம், சிலுவை, பிறை, கட்சிச் சின்னம் எதுவாயிருந்தாலும் அடையாளம் அடையாளந்தான். பழக்க தோஷத்தால் தாளின் தலையில் “உ” போட்டு ஆரம்பிக்கிறவர்கள், தங்களைக் காப்பாற்றுவதற்கென்று போட்ட சுழியிலேயே தாங்கள் மாட்டிக்கொள்ளுகிறார்கள். இந்த விதி எதற்காக என்று யோசித்துப் பாருங்கள். திருத்துகிறவருக்கு நீங்கள் யார், எந்த ஊர், எந்தத் தெரு, என்ன ஜாதி, என்ன மதம், ஆணா பெண்ணா என்று ஒன்றும் தெரியக் கூடாது என்பதற்காக. இதற்காகவே பல சர்வகலாசாலைகளில் பதிவெண்ணையும் மறைத்து வேறு எண் போட்டுத் திருத்தக் கொடுக்கிறார்கள். பிறந்த நாள் முதல் பெயரையும் தகப்பன் தொழிலையும் கேட்டே மனிதனை அளந்துவரும் இந்த நாட்டில், மூன்று மணி நேரமாவது ஒருவன் எழுதினதை மாத்திரம் பார்த்து அளக்கின்ற இடம் இது ஒன்றுதான். அந்த மறைப்பை நீங்களே ஏன் கிழித்துக்கொள்ள வேண்டும்?

அதைவிடக் கேவலமானது, “ஐயா, நான் ஏழை, தகப்பன் இல்லை, எப்படியாவது பாஸ் போடுங்கள்” என்று விடைத்தாளில் விண்ணப்பம் எழுதுவதும், நோட்டைச் செருகி வைப்பதும். இது விதிக்கு விரோதம் என்பது ஒருபுறமிருக்க, மானமுள்ளவன் செய்யத்தக்க காரியமா? கடவுளுக்குத் தேங்காய் உடைத்துக் காரியம் சாதிக்கப் பழகினவனுக்குத்தான் திருத்துகிறவருக்கும் நோட்டு வைத்துக் காரியம் சாதிக்கலாம் என்று புத்தி போகும். இரண்டும் ஒரே பழக்கத்தின் இரண்டு கிளைகள். காப்பியடிப்பதும் அப்படியே. தான் எழுதாத விடைக்கு மார்க்கு வாங்குகிறவன், தன் பக்கத்தில் நேர்மையாய் எழுதுகிற மற்றோர் ஏழைப் பிள்ளையின் இடத்தைத் திருடுகிறான் என்றே சொல்லுவோம்.

இனி உங்களுக்குள்ள உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். மார்க்கு குறைந்துவிட்டால் “தலையெழுத்து” என்று உட்கார்ந்துவிட வேண்டாம். தலையில் எழுதினதை ஒருவரும் பார்த்ததில்லை. தாளில் எழுதினதைப் பார்க்கலாம். திருத்தின விடைத்தாளைப் பார்க்கவும் நகல் வாங்கவும் எழுதினவருக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி உரிமையுண்டு என்று 2011-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பாகியிருக்கிறது. பல சர்வகலாசாலைகள் பணம் கட்டினால் நகல் கொடுத்து, மறுபடி திருத்தவும் ஏற்பாடு வைத்திருக்கின்றன. அதற்குள்ள கெடு சில நாட்களே. அதைத் தவற விடாதீர்கள். கண்பார்வையில்லாதவர்களும், எழுத முடியாத ஊனமுடையவர்களும் சொல்ல எழுதுகிற ஒருவரை வைத்துக்கொள்ளலாம். மத்திய சர்க்கார் வெளியிட்ட விதிமுறைப்படி மணிக்கு 20 நிமிஷத்திற்குக் குறையாமல் அதிக நேரமும் கொடுக்க வேண்டும். அதாவது 3 மணிப் பரீட்சைக்கு ஒரு மணி அதிகம். இதற்குப் பரீட்சையன்று கேட்டுப் பயனில்லை. முன்னதாகவே அத்தாட்சியோடு மனுச் செய்ய வேண்டும்.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பரீட்சை என்பது ஒரு பாடத்தில் ஒரு நாள் எழுதினதற்குப் போடுகிற மார்க்கே தவிர, உங்கள் பிள்ளையின் விலையல்ல. தவறினால் மறுபடி எழுதலாம். பிள்ளை போனால் மறுபடி வராது. ஆகையால் தவறின அன்று அடிக்கவும் ஏசவும் வேண்டாம். புறப்படுகிற அன்று தடுத்து நிறுத்திச் சகுனமும் பார்க்க வேண்டாம்.

மாணாக்கத் தோழர்களே! பரீட்சைக்கு நல்ல நேரம் எது என்று கேட்டால், மண்டபத்தின் கதவு திறக்கிற நேரம் ஒன்றுதான். நல்ல சகுனம் எது என்று கேட்டால், பையில் ஹால் டிக்கெட் இருப்பதும் தலையில் பாடம் இருப்பதுந்தான். புறப்படும்போது உங்கள் தாயார் விதவையாயிருந்தால், கொல்லைப்புறம் போய் அவரைக் கைப்பிடித்து வாசலுக்கு அழைத்து வந்து, ஊரார் பார்க்க அவர் முகத்தைப் பார்த்து, “போய் வருகிறேன் அம்மா” என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸுக்குப் போங்கள். பரீட்சையில் என்ன மார்க்கு வந்தாலும் சரி, அந்த ஒரு காரியத்தில் நீங்கள் தேறினவர்களாவீர்கள் என்பது நமது அபிப்பிராயம்.